உராய்வு என்கிற குற்றவாளி

நான் என் வாழ்க்கையில் ஐந்தே ஐந்து முறை துப்பாக்கி சுட்டிருக்கிறேன். ஐந்தும் ஒரே காலையில், கால் மணி நேரத்துக்குள். 1986இல், கல்லூரி என்.சி.சி. முகாமில். கையில் கொடுத்தது த்ரீ நாட் த்ரீ ரைஃபிள். திருத்தங்கல்காரனுக்கு வெடிச் சத்தம் புதிதில்லை. வெடியைக் கையில் பிடித்தபடியே பற்ற வைத்து வீசுகிற வீரம் எங்கள் தெருவில் எட்டாவது படிக்கிற பையனுக்கே உண்டு. ஆனாலும் அந்த ஐந்து தோட்டாக்களைப் பற்றி நாற்பது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னைச் சுட வைத்த விதம்தான் காரணம். எங்கள் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து, மறுநாள் பேப்பரில் "மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டதால் விபத்து" என்று படிக்கிறபோதெல்லாம் அந்தக் காலை நினைவுக்கு வருகிறது. கூடவே கோபமும் வருகிறது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் துப்பாக்கியைச் சொல்லிவிடுகிறேன். அது லீ என்ஃபீல்ட் வகை. பிரிட்டிஷ் ராணுவம் 1907இல் ஏற்றுக்கொண்ட வடிவம். வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்தார்கள். என் கைக்கு வந்ததில், கட்டை தொடங்குகிற இடத்து இரும்பில், வலது பக்கம் ஒரு கிரீடமும் அதன் கீழே ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளும் 1942 என்ற ஆண்டும் பொறித்திருந்தன. சக்கரவர்த்தி ஜார்ஜின் துப்பாக்கி. எங்க அப்பாவுக்கு அந்த வருஷம் பத்து வயசு. நாலு கிலோ கனம். இதை ஏதோ அருங்காட்சியகச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். உத்தரப் பிரதேச போலீஸ் இதற்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான். 2008 நவம்பரில் மும்பை ரயில் நிலையத்தில் ஏ.கே. 47 வைத்திருந்தவர்களுக்கு எதிரே நம் போலீஸ்காரர்கள் கையில் இருந்ததும் இதுதான்.

இந்தத் தோட்டாவுக்கும் எங்கள் ஊர்த் தொழிலுக்கும் ஒரு பங்காளி உறவு உண்டு. 1888இல் அது முதலில் வந்தபோது அதற்குள் இருந்தது அழுத்திக் கட்டியாக்கிய கரிமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சில வருடங்களில் கரிமருந்து போய் கார்டைட் வந்தது. மாவை அச்சில் பிழிந்து இடியாப்பம் எடுக்கிற மாதிரி பிழிந்தெடுக்கிற மருந்து. நீலகிரியில் அருவங்காட்டில் அதற்கென்றே ஆலை கட்டினார்கள், இன்றும் இருக்கிறது. தோட்டாவின் அடியில் ஊசி அடிக்கிற இடத்திலுள்ள தொப்பியில் பொட்டாசியம் குளோரேட். தீக்குச்சித் தலையில் இருக்கிற அதே குளோரேட். சுட்டு முடித்ததும் குழாய்க்குள் கொதிக்கிற வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று ஏன் சொன்னார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. குளோரேட் எரிந்தபின் மிஞ்சுவது ஒரு வகை உப்பு. அது ஈரத்தை இழுத்து இரும்பை ஒரே ராத்திரியில் துருப்பிடிக்க வைத்துவிடும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது. வெந்நீருக்குத்தான் கரையும்.

ஆக, இரண்டும் ஒரே குடும்பத்துச் சரக்கு. வளர்த்த விதம்தான் வேறு.

சுடுகிற நாளுக்கு முன்னாடி மூன்று நாள் வெறும் துப்பாக்கியோடு பயிற்சி. அதுவும் சுடவே முடியாத துப்பாக்கி. டி.பி. என்று முத்திரை குத்தி, அணிவகுப்புக்கு மட்டும் என்று ஒதுக்கியவை. அதை வைத்துப் படுக்கச் சொன்னார்கள், கட்டையைத் தோள்குழிக்குள் இறுக்கச் சொன்னார்கள், போல்ட்டை இழுத்துத் தள்ளச் சொன்னார்கள், மூச்சைப் பாதியில் நிறுத்தி விசையை அமுக்கச் சொன்னார்கள். நூறு தடவை, இருநூறு தடவை. தோளில் இடைவெளி விட்டால் என்ன ஆகும் என்று உஸ்தாத் வாயால் சொல்லவில்லை. கையால் கட்டையை ஒரு குத்துக் குத்தினார். புரிந்தது.

கிளிப்பில் ஐந்து தோட்டாவைக் கோக்கிறதுக்கே ஒரு முறை இருந்தது. இந்தத் தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேலே இருக்கிறதன் விளிம்பு கீழே இருக்கிறதன் விளிம்புக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போனால் ஒன்றையொன்று மாட்டி இழுத்துச் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் பையன் பதறுவான், பதறினால் துப்பாக்கியைத் திருப்புவான். அதனால் கிளிப்பை எங்களைக் கோக்க விடவில்லை. அவர்களே கோத்து, அவர்களே கொடுத்தார்கள்.

சுடுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் ஆர்மரர் ஒருவர் ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்துப் பார்த்தார். எங்களுக்கு அது சலிப்பாக இருந்தது, தள்ளி நின்று கேலி பேசிக்கொண்டிருந்தோம். போல்ட்டில் பொறித்த எண்ணும் உடம்பில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார்த்தார். இந்தத் துப்பாக்கியில் போல்ட்டும் உடம்பும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. ஒன்றுக்கென்று இழைத்ததை இன்னொன்றில் போட்டால் உட்காரும், ஆனால் பொருந்தாது. பிறகு காசு மாதிரி இரண்டு சின்ன உலோகத் துண்டுகளை எடுத்தார். ஒன்றை வைத்து மூடினால் போல்ட் மூட வேண்டும். மற்றதை வைத்து மூடினால் மூடக் கூடாது. தோட்டாவின் விளிம்பு நிற்கிற இடைவெளியை அளக்கிற சாமான் அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர். அந்தக் கால் மில்லிமீட்டர் கூடிப்போனால், சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் வருகிற நேரத்தில் பித்தளைக் கூடு பின்பக்கம் கிழிந்து, எரிவாயு சுடுகிறவன் கண்ணைப் பார்த்து வரும். பன்னிரண்டு துப்பாக்கியில் இரண்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். ஏன் என்று யாருக்கும் விளக்கவில்லை. அந்த இரண்டும் மறுநாள் வரவில்லை, அவ்வளவுதான்.

காலையில் குழாய்க்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார்கள். அடைப்பு இருக்கிறதா, எண்ணெய் மிஞ்சியிருக்கிறதா. தோட்டா உட்காருகிற அறையில் எண்ணெய்ப் பசை இருந்தால் பித்தளைக் கூடு சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, மொத்த உதையும் போல்ட் மேல் விழும். துணியைப் போட்டு உலர்த்தினார்கள். சிவப்புக் கொடி ஏறியது. படுத்தோம். ஒருவனுக்கு ஒரு இடம், ஒருவனுக்குப் பின்னால் ஒரு ஆள். "பர்" என்றால் நிரப்ப வேண்டும், "காலி கர்" என்றால் காலி செய்ய வேண்டும். கட்டளை இல்லாமல் மூக்கைச் சொறிகிறதுக்குக்கூடக் கை நகரக் கூடாது. காதுக்குப் பஞ்சு. அப்போது அவ்வளவுதான் இருந்தது. அது போதாது என்று என் வலது காது இன்றைக்கும் சொல்கிறது.

நான் சொல்ல வந்தது நாலாவது குண்டைப் பற்றி. என்னுடையதில்லை, பக்கத்தில் படுத்திருந்தவனுடையது. விசையை அமுக்கினான், "டக்" என்று ஊசி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வெடிக்கவில்லை. உலகத்தில் எந்த மனுசனும் என்ன செய்வானோ அதைத்தான் அவனும் செய்தான். "உஸ்தாத், வெடிக்கல..." என்று சொல்லிக்கொண்டே திரும்பினான். ஆள் திரும்பினால் துப்பாக்கியும் திரும்பும். ஆனால் திரும்பவில்லை. ஏனென்றால் உஸ்தாத்தின் கை அதற்கு முன்னாடியே குழாயின் மேல் இருந்தது. அவன் திரும்பின பிறகு பாய்ந்து பிடிக்கவில்லை. "டக்" கேட்ட நொடியிலேயே கை அங்கே போய்விட்டது. குழாயை முன்பக்கமே அழுத்தி வைத்துக்கொண்டு முப்பது வரைக்கும் வாய்க்குள் எண்ணினார். பழைய தோட்டா சில சமயம் யோசித்துவிட்டுத்தான் வெடிக்கும். ஹேங் ஃபயர் என்பார்கள். அவசரப்பட்டு போல்ட்டைத் திறந்தால் திறந்த வாயில் வெடிக்கும். நமுத்த வெடியைப் போய்க் குனிந்து பார்த்து முகம் கருகின பையன்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவன் உண்டு, அது இதேதான். முப்பது முடிந்ததும் அவரே போல்ட்டைத் திறந்தார், தோட்டாவைத் தனியாக ஒரு குழிக்குள் வைத்தார், "அடுத்தது" என்றார்.

சாயங்காலம் அந்தப் பையனுக்கு மைதானத்தில் ஃப்ரண்ட் ரோல் கிடைத்தது, அது வேறு. ஆனால் நான் அன்று கவனித்ததும், இன்றுவரை மறக்காததும் ஒன்று. அந்த மனிதர் மூன்று நாளில் ஒருமுறைகூட எங்களைப் பார்த்து "ஜாக்கிரதையா இருங்கடா" என்று சொல்லவில்லை. நாங்கள் ஜாக்கிரதையாக இருப்போம் என்று அவர் நம்பவே இல்லை. பத்தொன்பது வயசுப் பையன், முதல் தடவை, பயம், வேர்வை, பக்கத்திலிருப்பவனிடம் காட்டிக்கொள்கிற ஆசை. இவன் தப்புச் செய்வான். அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டுதான் அந்தக் காலை முழுவதையும் அமைத்திருந்தார்கள். தப்பு நடக்கும், நடந்தால் அது மண்ணுக்குள் போக வேண்டும், ஆளுக்குள் போகக் கூடாது. எனக்குத் தெரிந்து பாதுகாப்பு என்கிற வார்த்தைக்கு அர்த்தம் இது ஒன்றுதான்.

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கிறவர்கள் அயல்நாடுகளில் நிறைய. வரலாறு தெரியாத துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால், கவனமான ஆட்கள் முதல் குண்டைத் தோளில் வைத்துச் சுடுவதில்லை. ஒரு பழைய டயரில் துப்பாக்கியைக் கட்டி, விசையில் கயிறு மாட்டி, தூரத்தில் ஒரு மறைவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு கயிற்றை இழுப்பார்கள். பிறகு கூட்டை எடுத்துப் பார்ப்பார்கள். விரிசல் இருக்கிறதா, பின்பக்கம் ஒளிரும் கோடு விழுந்திருக்கிறதா, தொப்பி பிதுங்கியிருக்கிறதா. எல்லாம் சரியாக இருந்தால்தான் தோள். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பர்மிங்ஹாம் நகரத்தில் துப்பாக்கி வியாபாரிகள் தாங்களே கேட்டு, தங்கள் செலவில், 1813இல் சட்டம் போட்டு ஒரு சோதனைக்கூடம் வைத்துக்கொண்டார்கள். அளவுக்கு மேல் மருந்து போட்டு, ஆள் தள்ளி நின்று, குழாயை வெடித்துப் பார்த்து, தாங்கினால் முத்திரை. தாங்காதது அங்கேயே சிதறட்டும். முதல் ஆபத்தை ஒரு டயரோ ஒரு மரச்சட்டமோ வாங்கிக்கொள்ளும். மனுசன் இரண்டாவதாக வருவான்.

இன்னொரு கதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அமெரிக்க ராணுவத்துக்கு ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலை செய்துகொடுத்த 1903 மாதிரி ரைஃபிள். 1917இல் அவற்றில் சில சுடும்போதே வெடித்துச் சிதறின. விசாரித்தார்கள். இரும்பைக் காய்ச்சி அடிக்கிற உலைக்கூடத்தில், சூடு போதுமா என்பதை அனுபவம் உள்ள தொழிலாளிகள் இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்துகொண்டிருந்தார்கள். மேகமூட்டமான நாளில் சரியாகத் தெரிகிற அதே சிவப்பு, வெயில் பளீரென்று அடிக்கிற நாளில் தெரிய வேண்டுமென்றால் இரும்பு இன்னும் எவ்வளவோ அதிகமாகக் காய்ந்திருக்க வேண்டும். கருவி வைத்து அளந்தபோது 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வித்தியாசம் வந்தது. அதிகம் காய்ந்த இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும். அந்தத் தொழிலாளிகள் சோம்பேறிகள் இல்லை, குடிகாரர்கள் இல்லை. அந்தத் துறையிலேயே கைதேர்ந்தவர்கள். அவர்கள் கண்ணைக் குறை சொல்லி யாரும் அறிக்கை எழுதவில்லை. வெப்பமானி வாங்கி மாட்டினார்கள், பதப்படுத்துகிற முறையையே மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் 8,00,000க்குக் கீழ்ப்பட்ட எண் போட்ட துப்பாக்கி கையில் கிடைத்தால் நூறு வருடம் கழித்து இன்றைக்கும் விவரம் தெரிந்தவன் அதைச் சுட மாட்டான், சுவரில் மாட்டி வைப்பான்.

இப்போது ஊருக்கு வருகிறேன்.

நான் முகாமுக்குப் போவதற்கு மூன்று வருடம் முன்னாடி, பதினேழு வயசில் என் அக்கா ஒரு பட்டாசு ஆலையில் சேர்ந்தாள். பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற வேலை. அவளுக்கு முதல் நாள் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான். "என்னத்த சொல்லிக் கொடுத்தாக? பக்கத்துல இருக்க மதினி செய்றதப் பாத்துச் செய்யின்னாக. சூதானமா இருத்தான்னாக." அவ்வளவுதான் பயிற்சி. வெறும் கூட்டை வைத்து மூன்று நாள் பழக்கவில்லை. பின்னால் ஆள் இல்லை. மருந்தில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. எண்ணிக்கைக்குக் கூலி. இத்தனை பூச்சட்டிக்கு இத்தனை ரூபாய். இரண்டாம் வருடம் ஒரு மதியம் குச்சியால் அழுத்தும்போது குப்பென்று பிடித்து, வலது கை முழங்கை வரைக்கும் போனது. உயிர் பிழைத்தாள். ஆலைத் தரப்பில் எழுதிய தாளில் என்ன இருந்தது என்று அப்பா வாசித்துக் காட்டினார். தொழிலாளியின் கவனக்குறைவு.

கவனக்குறைவு. பின்னால் துப்பாக்கியோடு படுத்திருந்தபோது என் பக்கத்துப் பையன் காட்டியதும் அதே கவனக்குறைவுதான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் என் அக்காவைவிடக் கெட்டிக்காரன் என்பதாலா?

இன்றைக்கும் செய்திகளில் இரண்டு வாக்கியம் மாறி மாறி வருகிறது. ஒன்று, "உராய்வு காரணமாக வெடிவிபத்து". இன்னொன்று, "மீதமிருந்த மருந்து வேதிமாற்றம் அடைந்து வெடித்தது". இரண்டும் பொய்யில்லை. துப்பாக்கி ஏன் வெடித்தது என்று கேட்டால் ஊசி தொப்பியில் அடித்தது என்பது எப்படிப் பொய்யில்லையோ அப்படி. உராய்வு என்பது பட்டாசு மருந்தின் குணம். அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் ஈரம் பட்டுக் கிடந்தால் தானாகச் சூடேறும் என்பதும் அதன் குணம். குணத்தைக் காரணம் என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உராய்வின் மேல் வழக்குப் போட முடியாது. மருந்து ஏன் மீந்தது, முந்தின நாள் தேவைக்கு மேல் கலக்கச் சொன்னது யார், அதை அழிக்காமல் அறைக்குள் வைத்துப் பூட்டியது யார், காலையில் கதவைத் திறக்க முதலில் யாரை அனுப்பினார்கள் என்று கேட்டால்தான் பெயர்கள் வரும். அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள்வதுதான் உராய்வு என்கிற சொல்லின் வேலை.

சட்டம் இல்லை என்று சொல்லவில்லை. 1884ஆம் வருடத்து வெடிபொருள் சட்டம் இருக்கிறது, 2008ஆம் வருடத்து விதிகள் இருக்கின்றன. டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று எங்கள் ஊர்ச் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த படிவரிசை இருக்கிறது. ஓர் அறைக்கு நாலு பேர், அறைக்கும் அறைக்கும் இடைவெளி, வெளிப்பக்கம் திறக்கிற கதவு, கலக்கிறதுக்குத் தனி அறை, கையில் இருக்கிற நிலை மின்சாரத்தை இறக்க வாசலில் செம்புத் தகடு. இதையெல்லாம் அப்படியே கடைப்பிடிக்கிற ஆலைகள் சிவகாசியில் இருக்கின்றன. அவை செய்தியில் வருவதில்லை. வராததே அவற்றின் பெருமை. ஆகவே இந்தத் தொழிலே கூடாது என்று டெல்லியிலிருந்து புத்தி சொல்கிறவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். நான் சாப்பிட்ட சோறு இந்த மருந்தில் வந்தது.

நான் சொல்வது, விதி காகிதத்தில் இருப்பதும் உஸ்தாத்தின் கை குழாய் மேல் இருப்பதும் ஒன்றல்ல என்பதைத்தான். நாலு பேர் அறையில் எட்டுப் பேர் இருக்கும்போது விதி எங்கே இருந்தது? உரிமம் ஒருவர் பேரில், உள்குத்தகை நாலு பேருக்கு என்று பிரித்துக் கொடுக்கும்போது ஃபோர்மேன் யாருடைய ஆள்? பேன்சி ரகத்துக்கு மணி மருந்தை மரத்தடியில் வைத்துச் செய்யும்போது அறைக்கும் அறைக்கும் இடைவெளி எத்தனை அடி என்று கேட்பது யார்? 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 30க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஆலையில் வேலை நடந்தது என்று அப்போதே செய்தி வந்தது. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இவை பெரிய செய்தியானவை மட்டும். ஒருவர் இருவர் என்று போனவர்களைச் சேர்த்தால் இந்தப் பத்தி முடியாது.

இதற்கு எப்போதும் வருகிற பதில் எனக்குத் தெரியும். ஒரு ஆலைக்காரர், நல்ல மனிதர், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வருகிறவர், சொன்னார். "தம்பி, நீங்க சொல்றது புத்தகத்துக்குச் சரி. இவங்க சொன்னாக் கேக்க மாட்டாங்க. செல்போனு கொண்டு வராதன்னா கொண்டு வருவாங்க. கொஞ்சங் கொஞ்சமா எடுத்துச் செய்யின்னா ஒரேயடியா அள்ளிக்கிட்டு வருவாங்க. சீக்கிரம் முடிச்சுட்டு வீட்டுக்குப் போகணும். நாங்க என்ன செய்ய?"

அவர் சொல்வது உண்மை. ஒரேயடியாக அள்ளிக்கொண்டு வருகிறார்கள்தான். நான் கேட்டேன், "அண்ணாச்சி, எங்க உஸ்தாத் ஒரு குண்டுக்கு நாலணான்னு கூலி பேசியிருந்தா நான் எப்படிச் சுட்டிருப்பேன்?" அவர் சிரித்தார். நான் சிரிக்கச் சொல்லவில்லை. குழாயைப் பார்க்காமல், கட்டளைக்குக் காத்திருக்காமல், வெடிக்காத தோட்டாவை உடனே பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்ததைத் தள்ளியிருப்பேன். பக்கத்தில் படுத்திருந்தவனும் அப்படித்தான் செய்திருப்பான். வேகத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு நிதானம் இல்லை என்று குறைசொல்கிற வேலையை ராணுவம்கூடச் செய்யவில்லை. மாச சம்பளம் கொடுத்துப் பாருங்கள், எத்தனை பேர் அள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று. அதற்கு விலை கூடும், வடக்கத்தி ஏஜென்ட் வாங்க மாட்டான் என்றார். அது நேர்மையான பதில். அதைத்தான் தாளில் எழுத வேண்டும். "விலை கூடும் என்பதால் இந்தக் கை வெந்தது" என்று. கவனக்குறைவு என்று அல்ல.

திருத்தங்கலுக்கு இது பழைய வழக்கு. சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதையில் எங்கள் ஊர் வருகிறது. தங்காலில் இருந்த வார்த்திகன் என்பவனின் மகனுக்கு வழிப்போக்கன் ஒருவன் நகைகளைப் பரிசாகக் கொடுக்க, பொறாமைப்பட்ட அரசு ஆட்கள் புதையலைத் திருடிவிட்டான் என்று அப்பனைச் சிறையில் போட்டார்கள். பெண்டாட்டி அழுதாள். கொற்றவைக் கோயில் கதவு திறக்கவில்லை. பாண்டியன் பதறி விசாரித்து, தப்பு தன் ஆட்களுடையது என்று தெரிந்து, அவனிடம் மன்னிப்புக் கேட்டு, ஊரையே எழுதிக் கொடுத்தான். கதையில் எனக்குப் பிடித்தது கதவு மூடிக்கொண்டதில்லை. ராஜா "அவன் கவனமாக இருந்திருக்கலாம்" என்று சொல்லாததுதான்.

எண்ணிக்கை பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். சுட்டு முடித்ததும் நாங்கள் எழுந்து போகவில்லை. வெறுங் கூடுகளை, கோக்கா என்பார்கள், மண்ணில் தேடிப் பொறுக்கிக் கொடுக்க வேண்டும். ஐந்து வாங்கினவன் ஐந்து கொடுக்க வேண்டும். என் கூடு ஒன்று புல்லுக்குள் போய்விட்டது. மொத்தப் படையும் அரை மணி நேரம் தவழ்ந்து தேடியது. கிடைத்த பிறகுதான் டீ. பிறகு வரிசையில் நின்று ஒவ்வொருவனும் என்னிடம் தோட்டாவோ கூடோ இல்லை என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இந்தத் துப்பாக்கியின் சரித்திரத்தில் இந்தக் கணக்கு எப்போதும் இருந்திருக்கிறது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் சுட்டது 1,650 தோட்டா என்று இன்றுவரை நமக்குத் தெரியும். செத்தவர்கள் எத்தனை என்பதில்தான் இன்றும் சண்டை. அரசு 379 என்றது, காங்கிரஸ் ஆயிரத்தைத் தொட்டது. அரசாங்கங்கள் எதை எண்ணும், எதை எண்ணாது என்பதற்கு இதைவிட எதைச் சொல்ல?

எங்கள் பக்கம் ஒரு ஷெட் வெடித்தால் முதல் ஒரு மணி நேரம் யாருக்கும் தெரியாத விஷயம், உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பது. சொந்தக்காரர்கள் வாசலில் நின்று கத்துகிறார்கள். வருகைப் பதிவேட்டில் பன்னிரண்டு, வந்தவர்கள் இருபது. உள்குத்தகைக்காரன் ஆட்கள் பதிவேட்டில் இல்லை. இடிபாட்டைப் புரட்டி எண்ணுகிறார்கள். ஒரு பித்தளைக் கூட்டுக்காக முப்பது பேரைப் புல்லில் தவழ விட்ட அதே நாட்டில்.

அக்காவிடம் அந்தக் காலையைப் பற்றி முகாமிலிருந்து வந்த அன்றே சொன்னேன். கூட்டைத் தேடிய கதை, உஸ்தாத் கை, எல்லாம். அவள் இடது கையால் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு குண்டுக்கு எத்தன பேருடா நின்னாக?" என்றாள். யோசித்து, எனக்குப் பின்னால் ஒருவர், ஆர்மரர், தோட்டா எண்ணிக் கொடுத்தவர், கொடி பிடித்தவர், பெரிய ஆபீசர் என்று ஐந்து பேர் சொன்னேன். "எங்க ரூமுக்கு ஒரு போர்மேன். அவரு பதினோரு ரூமுக்கும் அவருதான்" என்றாள். பிறகு ரசம் வேணுமா என்று கேட்டாள்.